நர்சரிக்குப் போகும் முன் ஜன்னலைப் பாருங்கள்: சென்னை வீடுகளுக்குள் இயற்கையைக் கொண்டுவரும் முறை

வீட்டுக்குள் பசுமை வேண்டும் என்று நினைப்பவர்கள் பெரும்பாலும் முதலில் நர்சரிக்குச் சென்று, கண்ணுக்கு அழகாகத் தெரிந்த நான்கைந்து தொட்டிகளை வாங்கி வந்து, ஹாலில் தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் வைத்துவிடுகிறார்கள். இரண்டு மாதங்களில் அவை பழுத்து உதிர்ந்ததும், தமக்குக் கைராசி இல்லை என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். கைராசிக்கும் இதற்கும் தொடர்பில்லை. செடி வாங்குவதற்கு முன் ஒரு நாளைச் செலவிட்டுச் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. அதைச் செய்யாமல் விட்டதுதான் காரணம்.

அந்த வேலை இதுதான். வீட்டில் ஒவ்வொருவரும் நாளின் பெரும்பகுதியை எங்கே கழிக்கிறார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள்: முதியவரின் கட்டில், குழந்தையின் படிப்பு மேசை, சமையல் மேடை, வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவரின் நாற்காலி. பிறகு அந்த இடங்களில் நீங்களே உட்கார்ந்து, காலை ஏழு மணிக்கும் நண்பகலிலும் மாலை ஐந்து மணிக்கும் கண்ணுக்கு என்ன தெரிகிறது, வெளிச்சம் எங்கிருந்து வருகிறது, காற்று உடம்பில் படுகிறதா என்று எழுதி வையுங்கள். விருந்தினர் வந்து அமரும் ஹால் இந்தப் பட்டியலில் கடைசியாக வந்தால் போதும். பசுமை யாருடைய கண்ணில் அன்றாடம் பட வேண்டுமோ, அவர் இருக்கும் இடத்திலிருந்துதான் திட்டம் தொடங்க வேண்டும்.

என் தாயார் முழங்கால் அறுவைச் சிகிச்சை முடிந்து வீட்டில் படுத்திருந்தபோது, அவருடைய கட்டில் அலமாரியைப் பார்த்தபடி கிடந்தது. அதைத் திருப்பிப் போட்டதும், பக்கத்து மனையில் நிற்கும் வேப்பமரத்தின் மேற்கிளைகள் அவருக்கு நேராக வந்தன. அணில் ஓடுவதையும் காகம் குச்சி கொண்டுவருவதையும் அவர் எங்களுக்குச் சொல்லத் தொடங்கினார். ஒரு ரூபாய்கூடச் செலவில்லாத அந்த மாற்றத்தைத்தான் நான் யாருக்கும் முதல் படியாகச் சொல்லுவேன்.

இது வெறும் மனத் திருப்திக்காகச் சொல்வதன்று. ராஜர் உல்ரிச் என்ற ஆய்வாளர் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஒரு மருத்துவமனையின் பழைய பதிவேடுகளை எடுத்து, பித்தப்பை அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்களில் ஜன்னல் வழியே மரங்களைப் பார்க்கும் அறையில் இருந்த 23 பேரையும், செங்கல் சுவரைப் பார்க்கும் அறையில் இருந்த 23 பேரையும் ஒப்பிட்டு, 1984இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். மரங்களைப் பார்த்தவர்கள் சற்று முன்னதாக வீடு திரும்பியிருந்தார்கள். கடுமையான வலிநிவாரணிகளையும் குறைவாகவே எடுத்துக்கொண்டிருந்தார்கள். சிறிய ஆய்வுதான் என்றாலும், கட்டடக் கலையில் இயற்கைக்கு இடம் கேட்டுப் பேசியவர்கள் பலர் பிறகு அதிலிருந்தே தொடங்கினார்கள். உளவியலாளர்களான ரேச்சல் கப்லான், ஸ்டீபன் கப்லான் இணையர் சொன்ன விளக்கமும் பயனுள்ளது: கணக்குப் போடுவதற்கும் திரையைப் பார்ப்பதற்கும் நாம் வலிந்து செலுத்தும் கவனம் களைத்துப்போகிறது, இலை அசைவது, மேகம் நகர்வது போன்றவை முயற்சி இல்லாமலேயே கண்ணை ஈர்ப்பதால் அந்தக் கவனத்திற்கு ஓய்வு கிடைக்கிறது. அதனால்தான் அசைகிற இலை வேண்டும் என்கிறேன். பிளாஸ்டிக் செடி அந்த வேலையைச் செய்யாது.

ஒரு தவறான நம்பிக்கையையும் இங்கேயே விலக்கிவிட வேண்டும். 1989இல் நாசா நடத்திய ஆய்வை மேற்கோள் காட்டி, சில தொட்டிச் செடிகள் வீட்டுக் காற்றைச் சுத்தப்படுத்திவிடும் என்று விற்கிறார்கள். அந்தச் சோதனைகள் மூடிய சிறு பெட்டிகளுக்குள் நடந்தவை. பின்னர் அவற்றை மறுபடி கணக்கிட்டுப் பார்த்தவர்கள், வீட்டில் இயல்பாக நடக்கும் காற்றோட்டத்திற்கு இணையான பயன் கிடைக்க ஒரு சதுர மீட்டர் தரைக்குக் குறைந்தது 10 செடிகளாவது தேவைப்படும் என்று 2019இல் காட்டினார்கள். காற்று சுத்தமாக வேண்டுமானால் ஜன்னலைத் திறப்பதே வழி. செடியைக் கண்ணுக்காகவும் மனதுக்காகவும் வையுங்கள்.

வெளிச்சமும் காற்றும்

வெளியே மரநிழலில்கூட ஏறத்தாழ 10,000 லக்ஸ் வெளிச்சம் இருக்கும். நம் வீட்டு அறையின் நடுவில் அது 100 முதல் 300 லக்ஸ்தான். கண் தன்னைச் சரிசெய்துகொள்வதால் இந்த வேறுபாடு நமக்குத் தெரிவதில்லை. ஆனால் செடிக்குத் தெரியும்; நம் தூக்கத்தையும் விழிப்பையும் நடத்தும் உடற்கடிகாரத்திற்கும் தெரியும். எனவே காலை வேளையில் திரைச்சீலையை முழுவதும் ஒதுக்கி, முதியவரும் குழந்தைகளும் அரைமணி நேரமாவது ஜன்னலோரமோ பால்கனியிலோ அமரும்படி செய்வது, எந்தச் செடியை வாங்குவதையும்விட முந்தியது.

திசையைப் பொறுத்தவரை, குளிர்நாடுகளுக்காக எழுதப்பட்ட குறிப்புகளை அப்படியே சென்னைக்குப் பொருத்தக் கூடாது. அவை வடக்கு ஜன்னலில் நேர்வெயில் விழாது என்று சொல்லும். நம் ஊர் ஏறத்தாழ 13 பாகை வட அட்சத்தில் இருப்பதால், ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை நண்பகல் சூரியன் நம் தலைக்குச் சற்று வடக்கே நிற்கிறது. வடக்கு பால்கனியில் வைத்த நிழற்செடிகள் அக்னி நட்சத்திர நாட்களில் கருகுவதற்கு அதுவே காரணம். தெற்கு ஜன்னலில் இதற்கு நேர்மாறாக, மழையும் பனியும் உள்ள மாதங்களில்தான் வெயில் சாய்ந்து உள்ளே வரும்; கோடையில் ஒரு சாதாரண சன்ஷேடே அதை மறித்துவிடும். கிழக்கு காலை வெயிலைத் தரும் இனிய திசை. மேற்கு சுவர்தான் கவலைக்குரியது. மாலை முழுவதும் வெயில் குடித்த அந்தச் சுவர் இரவு பத்து மணி வரை வெப்பத்தை அறைக்குள் விட்டுக்கொண்டே இருக்கும்.

மேற்குச் சுவருக்குக் கொடிதான் மருந்து. சுவரில் நேராக ஒட்டாமல், நான்கு விரற்கடை இடைவெளி விட்டுக் கம்பியோ நைலான் வலையோ கட்டி, அதில் சங்குப்பூ, முல்லை, பிரண்டை போன்றவற்றை ஏற்றுங்கள். இலைக்கும் சுவருக்கும் இடையே காற்று ஓடுவதால் வெயில் சுவரைத் தொடுவதற்கு முன்பே தடுக்கப்படுகிறது. சுவரில் ஈரமும் தங்காது.

காற்றுக்கு வருவோம். கோடையில் நண்பகலுக்குப் பின் கிழக்கிலிருந்தும் தென்கிழக்கிலிருந்தும் கடற்காற்று புறப்பட்டு வருவது இந்த நகரத்திற்குக் கிடைத்த பெரும் பேறு. அது உள்ளே நுழைய ஒரு ஜன்னலும், வெளியேற எதிர்ப்புறம் ஒரு திறப்பும் வேண்டும். நுழைவு மட்டும் இருந்தால் காற்று வராது. கிழக்குப் பக்கத்தில் உயரமான தொட்டிகளை நெருக்கமாக அடுக்கிக் காற்றை மறித்துவிடாதீர்கள். கடற்காற்று எழும்பாமல் மேற்கிலிருந்து வறண்ட அனல் காற்று வீசும் மே, ஜூன் நண்பகல்களில் வெட்டிவேர்த் தட்டியை நனைத்துத் தொங்கவிட்டால் அறை நன்றாகக் குளிரும், வாசனையும் கிடைக்கும். கடற்காற்று வந்த பிறகு அதே தட்டியால் பெரிய பயன் இல்லை. காற்றில் ஏற்கனவே ஈரம் மிகுதியாக இருப்பதால் தட்டியின் நீர் எளிதில் ஆவியாகாது.

மயிலாப்பூர், திருவல்லிக்கேணி போன்ற பகுதிகளின் பழைய வீடுகளில் வெளிச்சம், காற்று, மழை, துளசி மாடம் எல்லாவற்றையும் முற்றம் ஒன்றே கவனித்துக்கொண்டது. இன்றைய அடுக்ககங்களில் அதன் மிச்சமாக இருப்பது, கழிவுநீர்க் குழாய்கள் இறங்கும் ஓ.டி.எஸ். (ஓப்பன் டு ஸ்கை) என்ற குறுகிய திறப்பு மட்டுமே. அதைக் கைவிட்டுவிடாமல், உட்சுவர்களுக்கு வெள்ளையடித்து, அடியில் குப்பை சேராமல் பார்த்துக்கொண்டு, சமையலறை ஜன்னலின் உயரத்திற்குப் பெரணித் தொட்டிகளைத் தொங்கவிட்டால், மேலிருந்து இறங்கும் வெளிச்சம் சுவரில் பட்டு உள்ளே வரும். அடுப்படியில் நிற்பவரின் கண்ணுக்கும் ஏதேனும் பச்சை தென்படும். வீட்டில் நெடுநேரம் நிற்கிறவரின் இடத்தை எல்லோரும் கடைசியாக நினைக்கிறோம் என்பது எனக்கு நீண்ட நாள் வருத்தம்.

எங்கே எந்தச் செடி

ஓர் எளிய சோதனை போதும். நண்பகலில், செடி வைக்க நினைக்கும் இடத்தில் ஒரு வெள்ளைத் தாளை வைத்து, அதற்கு ஓர் அடி மேலே கையை நீட்டிப் பிடியுங்கள். விரல்கள் தெளிவாகத் தெரியும் நிழல் விழுந்தால் நல்ல வெளிச்சம். உருவம் மட்டும் மங்கலாகத் தெரிந்தால் நடுத்தரம். நிழலே விழாவிட்டால் அங்கே எந்தச் செடியும் நிலைக்காது. அப்படிப்பட்ட மூலையில்தான் வைக்க வேண்டும் என்றால், இரண்டு தொட்டிகள் வாங்கி, வாரம் ஒன்று உள்ளே, ஒன்று பால்கனியில் என மாற்றி மாற்றி வையுங்கள்.

மங்கலான வெளிச்சத்தில் பாம்புச் செடி என்று விற்கப்படும் மருள் வகையும், மணி பிளான்ட்டும், இசட் இசட் செடியும் தாங்கும். பாதி நிழலில், ஈரம் குறையாமல் பார்த்துக்கொண்டால், வெற்றிலைக்கொடி மிகச் செழிப்பாக வரும். வீட்டுக்குள் வைக்க அதைப் போல் உயிர்ப்புள்ள கொடி வேறொன்று இல்லை என்பது என் கருத்து. கற்பூரவல்லிக்குக் காலை வெயில் சிறிது கிடைத்தாலே போதும். சளி பிடித்த குழந்தைக்குக் கிள்ளிக் கொடுக்கவும் ஆகும். துளசி, செம்பருத்தி, கறிவேப்பிலை, மல்லிகை ஆகியவற்றுக்கு நான்கைந்து மணி நேர நேர்வெயில் கட்டாயம். நிழலில் வைத்த மல்லிகை இலைவிட்டு வளரும், பூக்காது. பெசன்ட் நகர், திருவான்மியூர் போலக் கடலை ஒட்டிய இடங்களில் உப்புக்காற்று மெல்லிய இலைகளின் ஓரத்தைக் கருக்கிவிடும். அங்கே நித்தியகல்யாணியும் காகிதப்பூவும் கற்றாழையும் நிற்கும். கைக்குழந்தையோ பூனையோ உள்ள வீட்டில் அரளி கூடாது. அதன் எல்லாப் பாகமும் நஞ்சு. மணி பிளான்ட் இலையைக் கடித்தாலும் வாய் எரியும் என்பதால் அதைக் கைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள்.

எண்ணிக்கையை அடக்குவது நல்லது. முதல் ஆண்டில் ஐந்து தொட்டிகள் போதும். ஏ.சி. ஓடும் மூடிய படுக்கையறையில் நிறையத் தொட்டிகளை அடைத்தால், நவம்பர், டிசம்பர் மாதங்களில் ஈரம் தேங்கிச் சுவரில் பூஞ்சை பிடிக்கும். ஆஸ்துமா உள்ளவருக்கு அது கேடு.

செடி மட்டுமே இயற்கை என்று நினைக்கவும் தேவையில்லை. வெறுங்காலில் மிதிக்கும் ஆத்தங்குடிக் கல், கையால் பின்னிய கோரைப்பாய், மெருகு பூசாத மரப்பலகை, மண்பானை நீர் ஆகியவையும் உடம்புக்குப் பழகிய பொருள்கள்தாம்.

மண்ணும் நீரும்

செம்மண், தென்னை நார்க்கழிவு, மண்புழு உரம் ஆகிய மூன்றையும் சம அளவில் கலந்து, தொட்டிக்கு ஒரு கைப்பிடி வேப்பம் பிண்ணாக்கு சேர்த்தால் பெரும்பாலான செடிகளுக்கு ஏற்ற கலவை கிடைக்கும். நார்க்கழிவில் உப்பு இருக்கும். கலப்பதற்கு முன் இரண்டு மூன்று முறை நீரில் ஊறவைத்துப் பிழிந்துவிட வேண்டும்.

சென்னையில் செடிகள் இறப்பதற்கு நீர்க்குறைவைவிட நீரின் உப்பே அதிகக் காரணம் என்று நினைக்கிறேன். ஆழ்துளைக் கிணற்று நீரை ஊற்றும் தொட்டிகளின் விளிம்பில் வெள்ளையாகப் படியும் பொருக்கைப் பாருங்கள். இலைநுனி பழுப்பாவதும் அதனால்தான். சுத்திகரிப்புக் கருவி வெளியேற்றும் கழிவுநீரில் உப்பு இன்னும் செறிந்திருக்கும்; அதைத் தரை துடைக்கப் பயன்படுத்துங்கள், தொட்டிக்கு வேண்டாம். ஏ.சி. இயந்திரத்திலிருந்து சொட்டும் நீரில் உப்பு ஏறக்குறைய இல்லை. நம் காற்றின் ஈரத்திற்கு இரவில் ஒரு வாளி எளிதாகச் சேரும். அதையும், அரிசி களைந்த கழுநீரையும், காய்கறி கழுவிய நீரையும் சேர்த்தால் ஐந்தாறு தொட்டிகளுக்குத் தனியாகத் தண்ணீரே வேண்டியதில்லை. 2019ஆம் ஆண்டுக் கோடையில் ஏரிகள் வற்றி லாரித் தண்ணீருக்குக் குடங்களோடு வரிசையில் நின்றவர்கள், இந்தக் கணக்கு ஏன் முக்கியம் என்று அறிவார்கள்.

மழைநீர் இருக்கவே இருக்கிறது. நூறு சதுர மீட்டர் மொட்டை மாடியில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1,000 லிட்டர். இந்த நகரத்தின் ஓராண்டுச் சராசரி மழையோ ஏறத்தாழ 1,400 மில்லிமீட்டர். மழைநீர் சேகரிப்பு 2003 முதல் கட்டாயமாக இருப்பதால், உங்கள் கட்டடத்திலும் குழாய் இருக்கும். அது அடைத்துக்கொள்ளாமல் இருக்கிறதா என்பதை ஆவணியில் ஒருமுறை பாருங்கள்.

கொசுவைப் பற்றி அலட்சியம் கூடாது. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு நல்ல நீரில்தான் முட்டையிடும்; முட்டை பறக்கும் கொசுவாக ஏழு முதல் பத்து நாட்கள் ஆகும். ஆகவே தொட்டியின் அடித்தட்டையும், மணி பிளான்ட் வைத்த பாட்டில் நீரையும் வாரம் ஒருமுறை, ஒரே கிழமையில், கொட்டித் தேய்த்துக் கழுவுங்கள். முட்டைகள் பாத்திரத்தின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் என்பதால் தேய்ப்பது அவசியம். அல்லித்தொட்டி வைக்க விரும்பினால் நான்கைந்து கப்பி மீன்களை விடுங்கள். புழுக்களை அவை தின்றுவிடும்.

மொட்டை மாடியில் எடைக்கணக்கு

நடமாடக்கூடிய தட்டையான கூரைக்கு இந்தியத் தர நிர்ணயம் வகுத்துள்ள பாரம் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 150 கிலோ. ஓர் அடி ஆழத்திற்கு நனைந்த மண்ணைப் பரப்பினால் அதுவே சதுர மீட்டருக்கு 500 கிலோ அளவுக்குப் போகும். எனவே மண்ணைப் பாத்தியாகக் கொட்டும் எண்ணம் இருந்தால், பொறியாளர் ஒருவர் பார்த்து ஒப்புதல் அளிக்காமல் தொடங்காதீர்கள். தொட்டிகளோ வளர்ப்புப் பைகளோ ஆனாலும், கீழே சுவரும் உத்திரமும் ஓடும் கோடுகளின் மேலேயே வரிசையாக வையுங்கள். கூரையின் நடுப்பகுதி நடப்பதற்காக இருக்கட்டும். தேக்கு விட்டங்களின் மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு கட்டிய பழைய மெட்ராஸ் டெரஸ் கூரையில் தோட்டமே வேண்டாம்.

நாங்கள் முதலில் தொட்டிகளை நேராக ஓட்டின்மேல் வைத்துவிட்டோம். ஓராண்டில் வேர்கள் தொட்டியின் துளை வழியே இறங்கி ஓட்டு இடுக்கில் நுழைந்தன. கீழ்வீட்டுக் கூரையில் ஈரம் பூத்த பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. தவறு முழுக்க எங்களுடையது. சரிசெய்யும் செலவையும் நாங்களே ஏற்றோம். இரும்புத் தாங்கியோ நான்கு செங்கற்களோ வைத்து, கூரையைக் கையால் பெருக்கும் அளவுக்கு உயர்த்தி வைத்தால் இந்தச் சிக்கல் வராது. சுவர் இடுக்கில் பறவை எச்சத்திலிருந்து முளைக்கும் அரசங்கன்றை விரல்நீளம் இருக்கும்போதே வேரோடு எடுத்துவிடுங்கள். பிறகு அது கட்டடத்தையே பிளக்கும்.

தரைத்தளத்தில் மூன்றடி மண் கிடைத்தாலும் அதைச் சிமெண்டால் மூடாதீர்கள். மயிலாப்பூர் கபாலீசுவரர் கோயிலின் தலமரமான புன்னையும், திருவொற்றியூரின் மகிழமும், புங்கையும் பூவரசும் இந்தக் கடற்கரை மண்ணுக்குப் பழகியவை. இடத்திற்கேற்ப ஒன்றைத் தேர்ந்து, அடிமரத்தைச் சுற்றி நான்கு பக்கமும் மண் மூச்சுவிட இடம் விடுங்கள். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் அடித்தபோது, சிமெண்டால் நெருக்கப்பட்ட நடைபாதைகளில் வேர் ஊன்ற இடமில்லாமல் நின்ற மரங்கள் வேரோடு சாய்ந்ததை நகரமே பார்த்தது.

அலுவலகமும் மருத்துவமனையும்

பழைய மகாபலிபுரம் சாலையின் கண்ணாடிக் கட்டடங்களில் பணிபுரிபவர்களுக்கு ஜன்னல் இருந்தும் இல்லாத நிலைதான். கண் கூசுவதால் திரை நாள் முழுவதும் இறங்கியே இருக்கிறது. கிழக்குப் பக்கத் திரையை நண்பகலுக்குப் பின்னும், மேற்குப் பக்கத் திரையை நண்பகல் வரையும் ஏற்றி வைப்பது என்று ஒரு வழக்கத்தை ஏற்படுத்துங்கள். மேசையை ஜன்னலுக்கு நேராகவோ முதுகு காட்டியோ போடாமல் பக்கவாட்டில் போட்டால், கணினித் திரையிலும் கண்ணிலும் ஒளி அடிக்காது.

மருத்துவமனைகளில், நோய் எதிர்ப்பாற்றல் குன்றியவர்கள் இருக்கும் அறைகளுக்குள் மண்தொட்டி வைக்கக் கூடாது. மண்ணில் உள்ள பூஞ்சைகள் அவர்களுக்கு ஆபத்தானவை. அங்கே பசுமை ஜன்னலுக்கு வெளியே இருக்க வேண்டும். சிங்கப்பூரின் யீஷூன் பகுதியில் 2010இல் திறக்கப்பட்ட கூ டெக் புவாட் மருத்துவமனை, அருகிலிருந்த குளத்தையும் தோட்டங்களையும் நோயாளிகளின் கண்ணில் படும்படி அமைத்தது. நம் பழைய மருத்துவமனை வளாகங்களிலும் நிழல் மரங்கள் இருக்கின்றன. கட்டிலை அவற்றை நோக்கித் திருப்பினாலே பாதி வேலை முடிந்துவிடும்.

வந்து சேரும் உயிர்களும் பராமரிப்பும்

பால்கனியில் கறிவேப்பிலை இருந்தால் ஒருநாள் அதில் பறவை எச்சம் போன்ற புழுக்கள் தென்படும். மருந்தடிக்க வேண்டாம், அவை வண்ணத்துப்பூச்சிகளின் குஞ்சுகள். சில இலைகளை விட்டுக்கொடுத்தால், கூட்டுப்புழு பிளந்து சிறகு விரிவதைக் குழந்தைகள் பள்ளிக்குக் கிளம்பும் முன் பார்க்கலாம். செம்பருத்திக்குத் தேன்சிட்டு வரும். அதன் தண்டில் வெள்ளையாக அப்பும் மாவுப்பூச்சியை மட்டும் வேப்பெண்ணெயும் சோப்புக் கரைசலும் கலந்து, வெயில் தாழ்ந்த பின் தெளித்து நீக்குங்கள்.

மரம் வைத்தவன் தண்ணீர் ஊற்றுவான் என்பார்கள். அடுக்ககத்தின் பொதுவிடத்தில் செடி வைக்கும்போது, எந்தக் கிழமை யார் ஊற்றுவது என்பதைச் செடி வாங்கும் முன்பே சங்கக் கூட்டத்தில் எழுதிக்கொள்ளுங்கள். ஐப்பசி பிறக்கும் முன் கைப்பிடிச் சுவரின் மேல் உள்ள தொட்டிகள் அனைத்தையும் தரைக்கு இறக்கிவிட வேண்டும். புயற்காற்றில் விழும் ஒரு தொட்டி கீழே நிற்பவரின் உயிரை எடுக்கும். பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது, தொட்டிகளை ஒன்றாக நிழலில் நெருக்கி வைத்து, நடுவில் ஒரு வாளி நீர் வைத்து, அதிலிருந்து ஒவ்வொரு தொட்டியின் மண்ணுக்கும் பழைய பருத்திச் சேலைக் கிழிசலைத் திரியாக இட்டுவிடுங்கள். நான்கைந்து நாட்களுக்கு மண் காயாது. வாளியின் வாயை மட்டும் மெல்லிய துணியால் கட்டிவிட்டுப் போங்கள், கொசு முட்டையிடாமல் இருக்க.